சின்னக் கைக்குச் சின்னக் கிற்றாரா? பரந்தனில் ஒரு தையல்கார அக்காவின் இடக்கை: நிகழ்வு ஆய்வு

இது ஒரே ஒரு மாணவியைப் பற்றிய குறிப்பு. கிளிநொச்சிப் பக்கம் கிளாசிக்கல் கிற்றார், அதாவது நைலோன் தந்திக் கிற்றார், பழக வருகிறவர்களில் "என்ர கை சின்னன், எனக்கு இது சரிவராது" என்று பாதியில் விட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். இந்த அக்காவும் அதே கதையோடுதான் வந்தார், ஆனால் விட்டுப் போகவில்லை. அவருடைய கை எப்படி, கிற்றார் எப்படி, எதை எந்த ஒழுங்கில் மாற்றினோம், எது பலன் தந்தது, எது தரவில்லை என்பதை அளவுகளோடு எழுதி வைக்கிறேன். பெயர் போடவில்லை. எழுதலாம் என்று அவரே சொன்னார், எழுதியதை வாசித்தும் பார்த்தார்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னக் கை என்றால் சின்னக் கிற்றார் வாங்கு என்று கடையிலும் சொல்வார்கள், வகுப்பிலும் சொல்வார்கள், சொந்தக்காரரும் சொல்வார்கள். இவருடைய விஷயத்தில் அது முழுப் பிழையான கணக்காகியிருக்கும், அதுவும் காசு செலவழித்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

ஆளும் கருவியும்

அக்காவுக்கு முப்பத்தைந்து தாண்டிய வயது. பரந்தன் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு சிறிய தையல் கடை. சின்ன வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர், அங்கே கேட்ட நைலோன் தந்தியின் ஒலி பிடித்துப்போய், எப்போதாவது பழக வேண்டும் என்று மனதில் வைத்திருந்தவர். 2009இல் இடம்பெயர்ந்து போன வழியில் இடக்கைச் சின்னவிரலில் செல் துண்டு பட்டது. விரல் தப்பிவிட்டது, ஆனால் அதன் நுனி மூட்டு இன்றுவரை மடங்காது. துணி பிடிக்கவும் ஊசி கோக்கவும் அது ஒரு குறையே இல்லை என்கிறார். கிற்றாரில் அது ஒரு குறைதான், அதைப் பற்றிக் கீழே வருகிறேன், ஏனென்றால் கடைசி முடிவையே அந்த மூட்டுத்தான் தீர்மானித்தது.

கிற்றார் கனடாவிலிருந்து வந்தது. தம்பி நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்தார். நல்ல வாத்தியம், முன்பலகை ஒட்டுப்பலகை இல்லை, முழு சீடர் மரம், தட்டினாலே நெஞ்சுக்குள் கேட்கும். தந்தி நீளம், அதாவது நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் வெட்டுப் பட்டை) சடில் வரை (உடல்பக்கம் தந்திகள் தாங்கி நிற்கும் பட்டை), 650 மில்லிமீற்றர். நட்டின் அகலம் 52. இன்று உலகம் முழுக்க முழு அளவு என்று விற்கிறது இதுதான். பார்த்தவர்கள் எல்லாரும் கிற்றாரைப் புகழ்ந்தார்கள், அதனால் பழி முழுக்கக் கையில் விழுந்தது. முன்பு போன ஒரு வகுப்பில் "வாசிக்க வாசிக்கக் கை விரியும்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். இந்த அறிவுரை எனக்குக் கோபம் வரவைப்பது. பத்து வயதுப் பிள்ளையின் கை வளரும், உண்மை. வளர்ந்த ஒருவரின் கையில் எலும்பு நீளப் போவதில்லை. பயிற்சியால் விரல்கள் தனித்தனியே அசையப் பழகும், கொஞ்சம் நெகிழும், அவ்வளவுதான். நோவோடு நோவாக வாசித்தால் நெகிழ்வு வராது, வீக்கம்தான் வரும்.

வந்தபோது அவர் சொன்ன முறைப்பாடுகள் மூன்று. இடக்கைப் பெருவிரலின் அடியில், உள்ளங்கைச் சதைப் பக்கம், சற்று வாசித்ததுமே நோ. இரண்டாவது, "எத்தனை தரம் சுதி சேர்த்தாலும் சீ கோட் மட்டும் ஒத்துவருதில்லை சேர்." (கோட் என்றால் சில சுரங்களைச் சேர்த்து ஒரே தரம் மீட்டுவது.) மூன்றாவது, சின்னவிரல் வைக்கும் இடமெல்லாம் பக்கத்துத் தந்தி செத்துப்போகிறது, அதாவது விரல் பட்டு ஒலிக்காமல் போகிறது. மூன்றுக்கும் அவர் வைத்திருந்த காரணம் ஒன்றுதான்: கை சின்னன்.

நோ எங்கிருந்து வருகிறது

நோ என்று ஒருவர் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது விரல் மரக்கிறதா, இரவில் விறைக்கிறதா, பொருள் கைதவறுகிறதா என்று. இதில் ஒன்றுக்கேனும் ஆம் என்றால் கிற்றாரை மூடி வைத்துவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும், கிற்றார் வாத்தியார் கை வைக்கக் கூடாது. இவருக்கு அவை எதுவும் இல்லை.

அடுத்த சந்தேகம் தையல். நாள் முழுக்கத் துணி இழுத்துப் பிடிக்கிற கை, நோ அங்கிருந்தும் வரலாம் அல்லவா? இதற்கு அவரே பதில் வைத்திருந்தார். புது வகுப்புகள் தொடங்குகிற நேரம் பள்ளிச் சீருடை வேலை குவியும், அப்போது ராத்திரி வரை மெசினில் இருப்பார், கிற்றாரைத் தொடவே நேரமிருக்காது. அந்த நாட்களில் பெருவிரலில் நோவே இல்லை. வேலை ஓய்ந்து திரும்ப வாசிக்கத் தொடங்கியதும் நோவும் வந்துவிட்டது. ஆக நோவின் ஊற்று கிற்றார் பக்கம்தான். இப்படி ஒரு தெளிவான வேறுபாடு கிடைப்பது அபூர்வம், கிடைத்ததால் மேலே போவது எளிதாகிவிட்டது.

கையை அளந்தோம். விரித்த சாண், பெருவிரல் நுனியிலிருந்து சின்னவிரல் நுனி வரை, கிட்டத்தட்ட 17 சென்ரிமீற்றர். சின்னக் கைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கிற்றாருக்கு சாண் அவ்வளவு முக்கியமில்லை. கழுத்துக்குப் பின்னால் நிற்கிற பெருவிரலை விட்டுவிட்டு, மணிக்கட்டை மடக்காமல், சுட்டுவிரல் நுனிக்கும் சின்னவிரல் நுனிக்கும் இடையே வலிந்து இழுக்காமல் எவ்வளவு விரிகிறது என்பதுதான் கணக்கு. மேசையில் ஒரு கடதாசி வைத்துப் புள்ளி குத்தி அளந்தால் 9 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே வந்தது.

இனிக் கருவி கேட்பது எவ்வளவு என்று பார்ப்போம். கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளைத்தான் பிரெட் என்கிறோம். 650 மில்லிமீற்றர் கிற்றாரில் முதலாம் பிரெட் கம்பிக்கும் நான்காம் பிரெட் கம்பிக்கும் இடையே 97.6 மில்லிமீற்றர். ஒவ்வொரு விரலும் தன் பிரெட்டுக்குச் சற்றுப் பின்னே ஒட்டி நின்றால் ஒலி தெளிவாக வரும், அப்படி நிற்க இவ்வளவு விரிவு தேவை. சின்னவிரலைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் பின்னுக்குப் போகப் போக அதே ஒலிக்கு அதிகம் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் தந்தி இரையும். இவருடைய கைக்கும் கருவிக்கும் இடையில் இருந்த பள்ளம் ஐந்தாறு மில்லிமீற்றர். இது மட்டும்தானா நோவுக்குக் காரணம்? இல்லை என்றுதான் எனக்குப் பட்டது, ஏனென்றால் முதல் மூன்று பிரெட்டுக்குள் அடங்குகிற எளிய கோட்டிலும் அவருக்கு நோ இருந்தது.

கதிரை

அவர் வீட்டில் வாசிப்பது கை வைத்த பிளாஸ்டிக் கதிரையில். நம் வீடுகளில் எல்லாம் இருக்கிறது அதுதானே. அந்தக் கதிரையில் கிற்றாரை இடத் தொடையில் வைத்தால் அதன் உடல் கதிரையின் கையில் முட்டும், முட்டாமலிருக்க வாத்தியத்தை முன்னே தள்ளுவோம், தள்ளியதும் கழுத்து கீழே சாயும், சாய்ந்த கழுத்தின் முதலாம் பிரெட்டை எட்ட மணிக்கட்டு உள்ளே மடங்கும். மணிக்கட்டு மடங்கினால் விரல் விரியாது. நம்பாவிட்டால் இப்போதே இடக்கை மணிக்கட்டை நன்றாக உள்ளே மடக்கிக்கொண்டு விரலை விரித்துப் பாருங்கள், பிறகு நேராக வைத்து விரியுங்கள்.

"அக்கா, இந்தக் கதிரையை விட்டிட்டு மெசின் ஸ்டூலைக் கொண்டு வாங்கோ" என்றேன். தையல் மெசினுக்குப் போடுகிற அந்த மர ஸ்டூல் கை இல்லாதது, உயரமும் அவருடைய காலுக்குப் பொருத்தம். இடக்காலுக்குக் கீழே வைக்க ஒரு சிறு பலகை தேவை, அதைக் கடையில் தேட வேண்டியதில்லை, ஊர் ஓடாவியார் மீந்த முதிரைத் துண்டில் ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, மேற்பக்கம் சாய்வாக, அடித்துக் கொடுத்தார். இரும்பு மாதிரி கனம், கால் வைத்தால் நகராது. கிற்றாரின் தலை கண் மட்டத்துக்கு வந்தது, மணிக்கட்டு நேரானது, நோ வருவதற்கு எடுக்கும் நேரம் தள்ளிப்போனது. நோ போகவில்லை.

தந்தி உயரம்: பாதிப் பிரச்சினை இங்கேதான்

சீ கோட் ஒத்துவரவில்லை என்று அவர் சொன்னதை முந்தியவர்கள் காது பழகாத குறை என்று தள்ளியிருக்கிறார்கள். காது சரியாகத்தான் இருந்தது. சுதி காட்டும் ரியூனரை வைத்துத் திறந்த (விரல் வைக்காத) தந்தியைச் சரியாகச் சேர்த்துவிட்டு, அதே தந்தியின் முதலாம் பிரெட்டை அழுத்தினால் ஊசி மேலே ஏறி நின்றது. ஒவ்வொரு தந்தியிலும் அதே கதை. நட்டில் தந்தி உட்காரும் வெட்டு ஆழம் போதாவிட்டால் இப்படித்தான் வரும்: தந்தி முதலாம் பிரெட்டுக்கு மேல் மிக உயரத்தில் நிற்கும், அதைக் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் இழுபட்டுச் சுதி ஏறிவிடும், விரலுக்கும் இரட்டை வேலை.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். தந்தியை இரண்டாம் பிரெட்டுக்கும் மூன்றாம் பிரெட்டுக்கும் இடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலாம் பிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். தட்டினால் மெல்லிய 'டிக்' என்று கேட்கிற அளவு, ஒரு மயிரிழை, போதும். இவருடைய கிற்றாரில் ஒரு விசிட்டிங் கார்ட் தாராளமாகப் போய் வந்தது.

12ஆம் பிரெட்டின் மேல் தந்தி நிற்கும் உயரத்தை இரும்பு அடிமட்டத்தால் அளந்தோம். தடித்த தந்திப் பக்கம் 4.8 மில்லிமீற்றர், மெல்லிய பக்கம் 4. கிளாசிக்கல் கிற்றாரில் இவை முறையே 4க்குள்ளும் 3க்குள்ளும் இருந்தால் வசதி. தொழிற்சாலையிலிருந்து வருபவை பெரும்பாலும் கொஞ்சம் உயர்த்தியே வரும், யார் எவ்வளவு பலமாக வாசித்தாலும் இரையக் கூடாது என்று அப்படிச் செய்கிறார்கள். அதோடு இது கனடாவின் உலர்ந்த அறைகளில் இருந்த மரம். நல்லூர்த் திருவிழா ஆவணியில், சோளகம் அடிக்கிற வெயில் காலம். அப்போது ஒன்றும் தெரிந்திருக்காது. பிறகு மாரி தொடங்கி, கார்த்திகையில் நாள்கணக்கில் மழை பெய்ய, காற்றின் ஈரத்தைக் குடித்து முன்பலகை பொங்கும், பலகையோடு, சடிலைத் தாங்கி அதில் ஒட்டியிருக்கும் பிரிட்ஜும் ஏறும், தந்தியும் ஏறும். முழு மரத்தில் இது கூடுதலாகத் தெரியும். விலை கூடிய வாத்தியத்தைத்தான் வன்னி மாரி அதிகம் அசைக்கிறது என்பது கவலையான விஷயம்தான், ஆனால் உண்மை.

சடிலை இறக்கினோம். இதில் ஒரு கணக்கு இருக்கிறது: 12ஆம் பிரெட்டில் 1 மில்லிமீற்றர் இறங்க வேண்டுமானால் சடிலில் 2 மில்லிமீற்றர் தேய்க்க வேண்டும், ஏனென்றால் 12ஆம் பிரெட் நடுவில் இருக்கிறது. பழைய சடிலைத் தொடவில்லை. அதைப் பார்த்து மாட்டெலும்பில் புதிதாக ஒன்று வெட்டி, கண்ணாடித் துண்டில் சாண்ட் பேப்பர் ஒட்டி, அடிப்பக்கத்தை மட்டும், சாயாமல் தேய்த்து இறக்கினேன். பழையது பத்திரமாக இருக்கிறது. கோடையில் பலகை சுருங்கித் தந்தி மிகவும் தாழ்ந்து இரைந்தால் உயரமான அதைத் திரும்பப் போடலாம். நட்டின் வெட்டுகளை மெல்லிய அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு இழுப்புக்கும் தந்தியைத் திரும்ப வைத்துப் பார்த்து, ஆழமாக்கினேன். இந்த வேலையில் அவசரப்பட்டால் திறந்த தந்தியே இரையத் தொடங்கிவிடும். அப்படி ஆனால் எலும்புத் தூளைச் சுப்பர் குளூவோடு வெட்டில் நிரப்பித் திரும்ப அராவலாம், ஆனால் அந்த நிலைக்குப் போகாமலிருப்பது நல்லது.

அன்றே சீ கோட் சுதி சேர்ந்தது. அவர் அதைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருந்தார். அழுத்த வேண்டிய பலம் குறைந்ததும் பெருவிரலால் கழுத்தைப் பின்னாலிருந்து இறுக்குகிற பழக்கமும் தளரத் தொடங்கியது. அதை இன்னும் தளர்த்த, பெருவிரலைக் கழுத்திலிருந்து முழுவதும் எடுத்துவிட்டு, முழங்கையின் பாரத்தை மட்டும் வைத்து விரல்களால் தந்தியை அழுத்துகிற ஒரு பயிற்சியைத் தினமும் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் செய்யச் சொன்னேன். வலது முன்கை வாத்தியத்தின் மேல் நின்று எதிர்ப்பக்கம் தாங்கும். வாரங்கள் போக நோ ஏறக்குறைய இல்லாமல் போனது, நான்கு விரலும் விரிக்க வேண்டிய இடங்களைத் தவிர.

இனித்தான் நீளம்

இந்த ஒழுங்கு முக்கியம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தந்தி நீளம் தனக்குக் கூடவா என்று பார்க்க எல்லாரும் செய்கிற சோதனை கப்போ போடுவது. கப்போ என்றால் ஆறு தந்தியையும் ஒரு பிரெட்டில் சேர்த்து அழுத்தி வைக்கும் கவ்வி. முதலாம் பிரெட்டில் கப்போ போட்டால் 650 மில்லிமீற்றர் 613 ஆகிறது. இரண்டாம் பிரெட்டில் போட்டால் 579, அதாவது கடைகளில் முக்கால் அளவு என்று விற்கிற 580 மில்லிமீற்றர் கிற்றாருக்கு நேர் சமம். காசு செலவில்லாமல் மூன்று அளவைக் கையால் பார்த்துவிடலாம். அருமையான சோதனை, ஆனால் நட் உயரமாக இருக்கிற கிற்றாரில் அது பொய் சொல்லும். கப்போ போட்டதும் உயர்ந்த நட் கணக்கிலிருந்து போய்விடுகிறது, தந்தி பிரெட்டோடு ஒட்டிவிடுகிறது, வாசிப்பு இலகுவாகிறது; நாங்கள் நீளம் குறைந்ததால்தான் இலகு என்று நினைத்துச் சின்னக் கிற்றார் வாங்கப் போய்விடுவோம். நட்டைச் சரிசெய்த பிறகு கப்போ போட்டு, அப்போதும் வேறுபாடு தெரிந்தால்தான் அது நீளத்தின் வேறுபாடு.

இவருக்கு அப்போதும் தெரிந்தது. முதலாம் பிரெட்டில் கப்போ இருக்க, நான்கு விரலுக்குத் தேவையான விரிவு 97.6இலிருந்து 92.1 மில்லிமீற்றருக்கு இறங்குகிறது. கடதாசியில் புள்ளி குத்தி எடுத்த அளவுக்கு ஏறக்குறைய ஒத்துப்போனது. இரண்டாம் பிரெட்டுக்குக் கொண்டுபோனால் 87, இன்னும் இலகு, ஆனால் அவசியமில்லாத இலகு; மேல் பிரெட்டுகளில் விரல்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்தன.

இந்த இடத்தில் 650 என்ற எண் பற்றி ஒரு வார்த்தை. அது மனிதக் கையைப் பார்த்து எங்கோ எழுதப்பட்ட சட்டமில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த கிற்றார்களில் பல 630 அளவிலேயே இருந்தன. ஸ்பெயினின் கிற்றார் செய்பவர் அந்தோனியோ தெ தொர்ரெஸ், 1817இல் பிறந்து 1892இல் இறந்தவர், அவர் செய்த கிற்றார்களின் பெரிய உடலும் 650 நீளமும் பின்வந்தவர்களுக்கு மாதிரியாகிவிட்டன. 1960களில் மத்ரித்தின் ராமிரெஸ் பட்டறை பெரிய மண்டபங்களுக்கு ஒலி வேண்டும் என்று 664 வரை போனது. இப்போது பல கைவினைஞர்கள் 640, 630 என்று திரும்ப இறங்கி வருகிறார்கள். ஆக 630 வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அக்கா இதைக் கேட்டுவிட்டு "ரெடிமேட் சட்டை போடேலாட்டி உடம்பில பிழை எண்டு நாங்கள் சொல்லுறேல்லையே" என்றார். அளவெடுத்துப் பிழைக்கிறவர், உடனே பிடித்துக்கொண்டார்.

மூன்று கிற்றார், ஒரு மூட்டு

அப்புறம் இரவல் வாங்கிப் பார்த்தோம். ஒன்று 580 நீளம், நட் 48. இன்னொன்று 630 நீளம், நட் 50. கூடவே அவருடைய 650, நட் 52. மூன்றிலும் ஒரே பயிற்சி, ஒரே ஸ்டூல்.

580ஐக் கையில் எடுத்ததும் அவர் முகம் மலர்ந்தது. முதலாம் நிலையில், அதாவது சுட்டுவிரல் முதலாம் பிரெட்டில் நிற்கிற இடத்தில், எல்லாம் எட்டியது, கிற்றாரின் உடல் சின்னதாக இருந்ததால் வலத்தோளும் இறங்கி நின்றது. ஆனால் சின்னவிரல் விழுந்த இடமெல்லாம் பக்கத்துத் தந்தி செத்தது, அவருடைய சொந்தக் கிற்றாரை விட மோசமாக. காரணம் அந்த மூட்டு. மடங்குகிற நுனி மூட்டு இருந்தால் விரல் வளைந்து நுனியால் செங்குத்தாக இறங்கும். மடங்காத விரல் படுத்துத்தான் விழும், படுத்த விரலுக்கு இடம் அதிகம் வேண்டும். தந்திகளுக்கு இடையிலான அகலம் 48இல் குறைவு, 50இல் பரவாயில்லை, 52இல் தப்பித்துவிடுகிறது. 48க்கும் 52க்கும் வேறுபாடு நாலே மில்லிமீற்றர்தான், அதை ஐந்து இடைவெளிக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. ஆனால் தந்தி சாகிறதா வாழ்கிறதா என்பதற்கு அந்த முக்கால் மில்லிமீற்றர் போதும். காதால் கேட்டோம்.

இன்னொன்றும் கவனித்தோம். 580 கிற்றாரில் தந்தி தொளதொளவென்றிருந்தது. நீளம் குறைந்தால் அதே சுதிக்கு இழுவிசையும் குறையும். 650க்குப் போடுகிற அதே தந்தியை 580இல் போட்டால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிடுகிறது. இதைக் கடினமான தந்தி போட்டு ஓரளவு சரிக்கட்டலாம். அகலத்தைச் சரிக்கட்ட முடியாது.

ஆகவே இந்தக் கைக்கு வேண்டியது நீளம் குறைந்த, ஆனால் அகலம் குறையாத கிற்றார். கடைகளில் இந்த இரண்டும் ஒன்றாகவே குறைகின்றன, ஏனென்றால் முக்கால் அளவு சிறுபிள்ளைகளை நினைத்துச் செய்யப்படுவது. பிள்ளையின் விரல் மெல்லியது, வளைவது. 630 கிற்றார் கிட்ட வந்தது, ஆனால் விரிவு 94.6, நட் 50, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் குறை. அதை வாங்குவதற்கு அவர் ஆசைப்பட்டார். நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

ஏனென்றால் நீளம் குறைந்து அகலம் குறையாத கிற்றார் அவர் வீட்டிலேயே இருந்தது. ஆறு தந்தியையும் அரைச் சுரம் இறக்கிவிட்டு முதலாம் பிரெட்டில் நிரந்தரமாகக் கப்போ போட்டோம். சுதி பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது, மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கலாம், புத்தகத்தில் உள்ளபடி வாசிக்கலாம். தந்தி நீளம் 613. கழுத்து உடல் பக்கம் போகப் போக அகலும் என்பதால் கப்போ இருக்கிற இடத்தில் அகலம் 52க்கும் சற்றுக் கூட. அரைச் சுரம் இறக்கியதால் இழுவிசை ஒன்பதில் ஒரு பங்கு குறைந்து, அழுத்தவும் மெத்தென்றிருக்கிறது.

கப்போ வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். இங்கே கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இரும்புத் தந்திக் கிற்றாருக்கானது, அதன் அழுத்துப் பட்டை வளைந்திருக்கும். கிளாசிக்கல் கிற்றாரின் விரற்பலகை தட்டையானது, அதில் வளைந்த கப்போ ஆறு தந்தியையும் சமமாக அழுத்தாது, ஒன்றிரண்டு இரையும் அல்லது சுதி ஏறும். தட்டைப் பட்டை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போதைய நிலை

பெருவிரல் நோ இல்லை. நாள்தோறும் கடை பூட்டிய பிறகு வாசிக்கிறார், வாசித்து முடித்தும் கை களைப்பாக இருக்கிறதே தவிர நோவில்லை என்கிறார். சின்னவிரல் படுத்து விழுந்தாலும் பக்கத்துத் தந்தி பெரும்பாலும் ஒலிக்கிறது. ஒலிக்காத இடங்களில் விரலடைவை மாற்றுகிறோம், சின்னவிரலுக்கு எழுதியிருப்பதை மோதிரவிரலுக்குக் கொடுத்து கையைச் சற்று நகர்த்தி வாசிக்கிறார். அச்சில் உள்ள விரல் எண்ணைப் பதிப்பாசிரியர் தன் கைக்குப் போட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள், மாற்றலாம்.

தீராதவையும் உண்டு. கப்போவின் உடல் முதலாம் நிலையில் சுட்டுவிரலுக்குப் பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, அது ஒரு தொந்தரவுதான். கழுத்தின் ஓரத்தில் நிலையைக் காட்டும் பக்கப் புள்ளிகள் எல்லாம் ஒரு பிரெட் தள்ளிப்போனதால் ஐந்தாம், ஏழாம் நிலைக்குத் தாவும்போது கண் ஏமாறுகிறது. வெள்ளை நெயில் பொலிஷால் புதிய இடங்களில் புள்ளி வைத்தோம். சுட்டுவிரலைப் படுக்கவைத்து ஆறு தந்தியையும் சேர்த்து அழுத்துகிற பாரே இன்னும் வரவில்லை, அதில் நடுத் தந்திகள் இரண்டு செத்துத்தான் கேட்கின்றன. அது கருவியின் குறையா, சுட்டுவிரலின் மூட்டுப் பள்ளத்தில் தந்தி விழுகிறதா என்று விரலை மேலும் கீழும் சற்று நகர்த்திச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். கிற்றார் கடையில் தகரக் கூரைக்குக் கீழே தொங்கியது, அதை நிறுத்தி, பெட்டிக்குள் வைத்து வீட்டுக்குள் ஓட்டுக் கூரைப் பக்கம் கொண்டுபோயாகிவிட்டது. மத்தியான வெயிலில் அந்தத் தகரத்தின் சூடு பிரிட்ஜ் ஒட்டிய பசையையே இளக்கிவிடும். தந்தி உயரத்தை மாதம் ஒரு தரம் அளந்து, துணி அளவு எழுதுகிற கொப்பியில் அவரே எழுதி வைக்கிறார். ஒரு முழு மாரியும் ஒரு முழுக் கோடையும் போனால்தான் இரண்டு சடிலையும் எப்போது மாற்றுவது என்று சொல்ல முடியும்.

யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ கிற்றார் வாங்கப் போகிறவர்கள் ஒரு அடிமட்டமும் தட்டைக் கப்போவும் ஒரு விசிட்டிங் கார்ட்டும் கையோடு கொண்டுபோங்கள். கை இல்லாத ஸ்டூலில் இருந்து பாருங்கள், நின்று பார்க்காதீர்கள். முதலில் நட், பிறகு 12ஆம் பிரெட்டின் உயரம், கடைசியாக நீளமும் அகலமும், இரண்டையும் தனித்தனியாக. நைலோன் கிற்றாரில் இரும்புத் தந்தி போட்டு வைத்திருந்தால் அந்த வாத்தியத்தை விட்டுவிடுங்கள்: நைலோன் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கின்றன, இரும்புத் தந்திகள் 70 கிலோவுக்கு மேல், அந்த முன்பலகை அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு கடதாசித் துண்டு உள்ளே போகிறதா என்று பாருங்கள். போனால் பசை ஏற்கெனவே விடத் தொடங்கிவிட்டது.